மூன்று மில்லிமீட்டர் மேடு

ஈட்ஸ்கே பகலில் சுவர் பூசுகிறாள்.
அவள் பூசிய சுவரில் ரசமட்டம் வைத்தால்
குமிழி நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்,
எழுந்திரு என்றாலும் எழாது.
ஆஸ்ஸன் நகரத்து வரவேற்பறைகளில் பாதி
அவள் கை வழித்த சமம்.

செவ்வாய் இரவுகளில்
சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்
அதே கை
ஒரு மேசையைக் கெடுக்கப் பார்க்கிறது.

ஆறடிக்கு நாலடி ப்ளைவுட்.
போன வருடம் வரை எங்கள் கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள்
பச்சைத் துணியின் மேல்தான் செத்தார்கள்.
குன்று வேண்டுமானால்
துணிக்கடியில் ஒரு தொலைபேசிப் புத்தகம்.

முதல் மலையைச்
சூடான கம்பியால் ஃபோமில் அறுத்தாள்.
மூன்று அடுக்கு, மூன்றும் வழவழ.
"மெழுகுவர்த்தி எங்கே?" என்றேன்.
அன்று எனக்குக் காபி இல்லை.

அடுத்த வாரம் கம்பியைப் பெட்டியில் போட்டாள்.
ஃபோமை ரொட்டி பிய்ப்பதுபோல் பிய்த்தாள்,
கசக்கிய அலுமினியத் தாளை
அதன் முகத்தில் அழுத்தினாள்.
பாறை வந்துவிட்டது.

சரளை வரவில்லை.
கட்டட வேலையிலிருந்து சலித்துக் கொண்டுவந்து
ஒவ்வொன்றாய்த் தூவினாள்.
நாற்காலிமேல் ஏறிப் பார்த்தால்
தக்காளி நாற்று நட்டதுபோல்
கல்லுக்குக் கல் ஒரே இடைவெளி.
"நான் எண்ணவில்லை, லம்மர்ட்.
கை எண்ணுகிறது."
இடக்கையால் தூவினாள். கண்ணை மூடித் தூவினாள்.
என்னிடம் கொடுத்தாள்.
நான் தபால்காரன்,
ஒற்றைப்படை ஒரு பக்கம் இரட்டைப்படை ஒரு பக்கமாய்
போட்டேனாம்.

நவம்பர், தூறல்,
ரோல்டே போகும் சாலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்தாள்.
விழுந்துவிட்டாளோ என்று
ஒரு வேன் நின்றது, ஒரு நாய் நின்றது.
எங்கள் ஊரில் மலை கிடையாது,
இருப்பதெல்லாம் இந்த வாய்க்கால் கரைதான்.
அதன் அடியில் கற்கள் கும்பலாய் ஒண்டிக் கிடந்தன.
ஆடு உரசும் கம்பத்தைச் சுற்றிப் புல் வழுக்கை.
பொடி மணலை நீர் கூட்டிப் போயிருந்தது,
பருமனானதை விட்டுவிட்டுப் போயிருந்தது.
"எதையும் யாரும் வைக்கவில்லை," என்றாள் எழாமலே.
"எல்லாம் எங்கிருந்தோ வந்து
களைத்து நின்ற இடம்."

அன்றிரவு அவள் கல் வைக்கவில்லை.
உச்சியில் ஒரு பிடி கொட்டினாள்.
மேசையின் ஒரு முனையை நான் தூக்கினேன்.
பசை கரைத்த நீரை மேலிருந்து ஊற்றினாள்.
போன வழி போயிற்று.
கொஞ்சம் ஓடையாயிற்று,
கொஞ்சம் என் காலணிக்குள் போயிற்று.
காய மூன்று நாள்.
பிறகு காபித்தூள் சக்கை, பழுப்பு மேல் பழுப்பு,
திட்டுத் திட்டாய்ப் புல்.

ஆட்டத்தில் என் குதிரைத் தலைவன்
எதிரி வாளை உருவுமுன்னே
மூன்று முறை உருண்டான்.
பகடை ஒரு கூழாங்கல்லில் சாய்ந்து நின்றது,
ஐந்தா இரண்டா என்று பதினைந்து நிமிடச் சண்டை.
மலை பிரமாதம்.
நிற்கத்தான் யாராலும் முடியவில்லை.

அதனால் திருட்டுத்தனமாய்
புல்லுக்கடியில், பாறைக்கு அந்தப் பக்கம்,
கட்டைவிரல் அகலத்தில் சமதளங்கள் அழுத்தினாள்,
ஐந்து பேர் நிற்க இங்கே, மூன்று பேர் நிற்க அங்கே.
"பொய்தானே இது?"
"பொய்தான்.
மழை வந்து பார்த்தால் நம்பும். அது போதும்."

நேற்று நாலாவது சுற்றில்
என் படை மொத்தமும் போயிற்று.
மாலை முழுக்க நான் நின்றுகொண்டே பார்த்த
ஒன்றுமில்லாத ஒரு புடைப்பு,
அளந்தால் மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாது என்று நினைத்தது.
"படுத்துப் பார்," என்றாள்.
கன்னத்தை மேசையில் வைத்தேன்,
என் சிப்பாயின் கண்ணுக்குப் பக்கத்தில் என் கண்.

வானம் வரை மண்.
அதற்குப் பின்னால் இருந்தார்கள்
அவளுடைய பன்னிரண்டு வில்லாளிகள்,
குந்தியபடி,
முதல் சுற்றிலிருந்தே.

காலையில் தபால் கொடுக்கும்போது
நாற்பத்தேழாம் எண் வீட்டுக்காரி கேட்டாள்,
"கன்னத்தில் என்ன அது, மண்ணா?"

மலை, என்றேன்.